வான்குடை

உலகில் ஒரே பொருள் ஓரிடத்தில் நன்மையும் பிறிதோரிடத்தில் தீமையும் பயத்தல் உண்டு. அடுப்பில் எரியும் தீ உணவைச் சமைக்கும். அதுவே கூரையில் பற்றினால் வீட்டை அழிக்கும். வயலில் நின்ற நீர் நெல்லை விளைவிக்கும். அதுவே கரை கடந்தால் ஊரைக் கெடுக்கும். காற்று மண்டலத்தில் உள்ள ஓசோன் என்னும் வாயுவும் அத்தகையதே. நாம் மூச்சு வாங்கும் உயரத்தில் அது மிகுந்தால் நுரையீரலை வருத்தும். பயிரின் இலையை வாட்டும். அதுவே தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரந்து நிற்கும்போது நிலவுலகில் வாழும் உயிர்கள் அனைத்திற்கும் குடையாக அமைகின்றது. அக்குடை உலகின் தென்கோடியில் நைந்துபோன வரலாற்றையும், அதன் காரணத்தை ஆராய்ந்து கண்ட அறிஞர்தம் உழைப்பையும், அதனைச் செப்பனிட உலக நாடுகள் ஒன்றுகூடிய திறத்தையும் இப்பாடத்தில் காண்போம்.

ஓசோன் என்னும் பெயர், மணம் வீசுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. மின்பொறி பறக்கும் கருவிகளின் அருகில் ஒருவகை நெடி எழுவதைப் பலரும் உணர்ந்திருந்தனர். அந்நெடிக்குக் காரணம் ஒரு தனி வாயுவே என்று துணிந்து, 1840ஆம் ஆண்டில் அதற்கு இப்பெயரை இட்டவர், சுவிட்சர்லாந்து நாட்டுப் பேசல் நகரில் பணியாற்றிய சோன்பைன் என்னும் வேதியியல் அறிஞர். நாம் உயிர்ப்பதற்கு இன்றியமையாத ஆக்சிஜன் வாயுவின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு அணுக்கள் உள்ளன. ஓசோனிலோ அதே அணுக்கள் மும்மூன்றாகக் கூடி நிற்கின்றன. ஓர் அணு மிகுந்ததனால் அதன் இயல்பே வேறாகிவிடுகின்றது.

கதிரவனிடமிருந்து நமக்கு வருவன ஒளியும் வெப்பமும் மட்டும் அல்ல. கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்களும் உடன் வருகின்றன. அவை காற்று மண்டலத்தின் உயர்ந்த பகுதியில் ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிளக்கின்றன. பிளந்த அணு மற்றோர் ஆக்சிஜன் மூலக்கூற்றுடன் சேர, ஓசோன் பிறக்கின்றது. பிறந்த ஓசோன் மேலும் வரும் புற ஊதாக் கதிர்களைத் தானே ஏற்றுச் சிதைகின்றது, மீண்டும் பிறக்கின்றது. இங்ஙனம் ஆக்கமும் அழிவும் ஒத்து நடைபெறும் முறையை 1930ஆம் ஆண்டில் சிட்னி சாப்மன் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். எதிரி எறிந்த படைக்கலத்தைத் தன் மார்பில் தாங்கும் காவலனைப்போல ஓசோன் அக்கதிர்களைத் தாங்குதலால், அவற்றுள் மிகக் கொடியவை தரையை எட்டுவதே இல்லை. அத்தடை இல்லையாயின் தோலில் புற்றுநோயும், கண்ணில் புரையும் மக்களிடையே பெருகும். பயிர் விளைச்சல் குன்றும். கடலின் மேற்பரப்பில் மிதந்து மீன்களுக்கு முதலுணவாகும் நுண்ணுயிர்கள் நலியும்.

இத்துணைப் பெருங்காவல் புரியும் பொருள் எத்துணை அளவினது? வானில் பரந்துள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்திற்குக் கொணர்ந்து, ஆங்குள்ள காற்றின் அழுத்தத்தில் பனி உருகும் வெப்பநிலையில் பரப்பினால், அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்பே இருக்கும். நீங்கள் இளமையில் எழுதிப் பழகிய சிலேட்டுப் பலகையின் தடிப்பு என்று அதனைக் கொள்ளலாம். உலகம் இவ்வளவு மெல்லிய குடையின் கீழ்த்தான் வாழ்கின்றது.

இம்மெல்லிய படலத்தைத் தரையிலிருந்தே அளக்கும் கருவியை 1920களில் அமைத்தவர் ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த டாப்சன் என்பவர். ஓசோனை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. 3 மில்லிமீட்டர் தடிப்பு 300 டாப்சன் அலகாகும். ஓரிடத்து அளவு மட்டும் உண்மையை முழுதும் உணர்த்தாது என்பதை அறிந்த அவர், 1928ஆம் ஆண்டையொட்டித் தம் கருவிகளைக் கலிபோர்னியா, எகிப்து, நியூசிலாந்து முதலிய தொலைநாடுகளுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று நம் பழனிமலைத் தொடரின்மேல் உள்ள கோடைக்கானலுக்கு வந்தது. கதிரவனை ஆராய்வதற்கென அங்கு நிறுவப்பட்டிருந்த வானாய்வு நிலையத்தில் அளந்தபோது, ஓசோன் அளவு குறைவாகவும் ஆண்டு முழுதும் பெரிதும் மாறாமலும் இருக்கக் கண்டனர். வெயில் மிகுந்த வெப்ப மண்டலத்தில்தான் ஓசோன் மிகுதியாகப் பிறக்கின்றது. எனினும் மேல்வானத்துக் காற்றோட்டம் அதனைத் துருவங்களை நோக்கி எடுத்துச் செல்கின்றது. ஓரிடத்தில் விளைந்த நெல் வேறிடத்துக் களஞ்சியத்தில் சேர்வதை ஒத்தது இது. ஆகவே துருவத்தை அடுத்த வானில் ஓசோன் மிகுந்து காணப்படுதல் இயல்பு.

அவ்வியல்பு மாறியது தென்துருவத்தில்தான் முதலில் புலப்பட்டது. அண்டார்க்டிகாக் கண்டத்தின் ஓரத்தில், கடலில் மிதக்கும் பனித்தட்டின்மேல், ஆங்கிலேயர் 1956ஆம் ஆண்டில் ஹேலி என்னும் ஆய்வு நிலையத்தை அமைத்தனர். 1957, 1958ஆம் ஆண்டுகளில் உலக நாடுகள் கூடி நடத்திய புவியியற்பியல் ஆராய்ச்சியின் ஒரு பகுதியாக அஃது எழுந்தது. டாப்சன் கருவி ஒன்று அங்கும் வைக்கப்பெற்றது. கடுங்குளிரிலும் தனிமையிலும் இருந்து, ஆண்டுதோறும் வானை அளந்து குறித்து வைப்பதே அங்கிருந்தோர் பணி. புதுமை ஒன்றும் தோன்றாத அப்பணியால் என்ன பயன் என்று கேட்டவர்களும் இருந்தனர். ஆயினும் அளவு நிற்கவில்லை.

1970களின் பிற்பகுதியிலிருந்து அவ்வளவுகளில் ஒரு மாற்றம் தோன்றியது. தென்துருவத்தில் அக்டோபர்த் திங்கள் இளவேனிற் காலம். முன்னர் அத்திங்களில் 300 அலகையொட்டி நின்ற ஓசோன், ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. கருவியில் பழுது உண்டோ என்று ஐயுற்று, வேறு கருவி கொணர்ந்தும் அளந்தனர். அதுவும் அவ்வாறே காட்டியது. ஐயம் நீங்கிய பின்னரே ஜோசப் பார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் சாங்ளின் என்னும் மூவரும் 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் முடிபை உலகிற்கு வெளியிட்டனர். செயற்கைக் கோள் திரட்டிய அளவுகளையும் எடுத்து நோக்கியபோது, தேய்வு ஒரு நிலையத்தின் மேல் மட்டும் அன்றி, அக்கண்டம் முழுவதன் மேலும் பரந்து கிடத்தல் தெளிவாயிற்று. பிற்றை ஆண்டுகள் சிலவற்றில் அதன் பரப்பு 2.5 கோடிச் சதுரக் கிலோமீட்டரையும் கடந்தது. அண்டார்க்டிகாவின் பரப்போ ஏறத்தாழ 1.4 கோடிச் சதுரக் கிலோமீட்டரே ஆகும்.

இத்தேய்வை ‘ஓசோன் துளை’ என்று வழங்குகின்றனர். இச்சொல்லை நேர்ப்பொருளில் கொள்ளுதல் கூடாது. கூரையில் ஓட்டை விழுவதைப்போல வானில் வெறுமை தோன்றிற்று என்பது இதன் கருத்தன்று. பலகாலம் உடுத்த ஆடை கிழியாமலே ஓரிடத்தில் நைந்து, மறுபுறம் தெரியும்படி மெலிவதுண்டு அன்றோ? ஓசோன் படலமும் அங்ஙனமே மெலிந்தது. 220 அலகுக்குக் குறைந்த பகுதியைத் துளை எனக் கணக்கிடுதல் அறிஞர் மரபு. அப்பகுதியின் நடுவில் அளவு 100 அலகுக்கும் கீழே இறங்கிய ஆண்டுகளும் உண்டு.

இம்மெலிவுக்குக் காரணம் யாது? 1928ஆம் ஆண்டில் தாமஸ் மிட்ஜிலி என்னும் அமெரிக்கரும் அவர்தம் துணைவரும் குளிர்பெட்டிகளுக்கு ஏற்ற ஒரு புதிய வாயுவைக் கண்டனர். அதற்கு முன் குளிர்பெட்டிகளில் பயன்பட்ட வாயுக்கள் நச்சுத்தன்மையோ எரியும் இயல்போ உடையன. கசிந்தால் உயிருக்கு ஊறு விளைப்பன. புதிய வாயுவோ எரியாது, நஞ்சன்று, எதனோடும் எளிதிற் கலந்து கெடாது. குளோரின், புளோரின், கரி ஆகிய மூன்றன் சேர்க்கையாதலால் அவ்வகை வாயுக்களுக்குக் குளோரோபுளோரோகார்பன் என்று பெயர். மக்கள் அவற்றைப் பெரிதும் விரும்பி ஏற்றனர். குளிர்பெட்டி, குளிர்சாதனம், தெளிப்புப் புட்டி, மெத்தைகளுக்கான நுரைப்பஞ்சு, மின்னணுக் கருவிகளைத் துப்புரவாக்கும் நீர்மம் எனப் பல வகையிலும் அவை பரவின.

கெடாமை என்னும் அக்குணமே பின்னர்க் குற்றமாயிற்று. தரையை அடுத்த காற்றில் எதனாலும் சிதையாத அவ்வாயுக்கள், வகைக்கேற்ப ஏறத்தாழ ஐம்பது ஆண்டும் நூறு ஆண்டும் நிலைபெறுவன. ஆதலின் மெல்ல மெல்ல மேல்வானத்தை அடைந்தன. 1974ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்னும் இருவர் ஒரு வினாவை எழுப்பினர்: “அழியாத இப்பொருள் இறுதியில் எங்கே செல்கின்றது?” இவ்வெளிய வினாவைத் தொடர்ந்து சென்ற அவர்கள் அரிய விடை கண்டனர். மேல்வானில் புற ஊதாக் கதிர் அவ்வாயுவைச் சிதைத்துக் குளோரின் அணுவை விடுவிக்கின்றது. அவ்வணு ஓர் ஓசோன் மூலக்கூற்றைக் குலைத்துவிட்டுத் தான் மாறாது மீண்டு வந்து மற்றொன்றைக் குலைக்கின்றது. இவ்வாறு ஒரு குளோரின் அணு, அடங்குமுன், பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது. அக்காலத்தில் தொழில்துறையினர் பலர் இதனை ஏற்க மறுத்தனர். பதினோர் ஆண்டுகட்குப் பின் ஹேலி நிலையத்தின் அளவுகள் வெளிவந்தபோது, அவர்கள் அஞ்சியதினும் மிகுந்த அழிவு நேர்ந்திருத்தல் தெரிந்தது. அவ்விருவரும், ஓசோன் ஆராய்ச்சியில் அவர்கட்கு முற்பட்ட பால் குருட்சன் என்பவரும் 1995ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பெற்றனர்.

இங்கே மாணவர்கட்கு ஓர் ஐயம் எழலாம். இவ்வாயுக்களை மிகுதியாகப் பயன்படுத்தியோர் வடபாதி உலகில் வாழும் மக்கள்; அழிவோ மக்கள் குடியில்லாத தென்துருவத்தில் மிகுந்தது. குற்றம் ஓரிடம், தண்டம் ஓரிடம் ஆனது எங்ஙனம்? இதற்கு விடை, துருவத்து இரவிலே உள்ளது. தென்துருவத்தில் குளிர்காலம் முழுவதும் கதிரவன் தோன்றுவதில்லை. அப்போது அக்கண்டத்தைச் சுற்றி மேல்வானில் ஒரு பெருஞ்சுழற்காற்று எழுந்து, உள்ளிருக்கும் காற்றை வெளிக்காற்றுடன் கலவாதபடி வேலியிட்டு நிறுத்துகின்றது. உள்ளே வெப்பநிலை சுழிக்குக் கீழ் 78 பாகைக்கும் கீழே இறங்க, அவ்வுயரத்தில் இயல்பாக உண்டாகாத மேகங்கள் உண்டாகின்றன. தீங்கற்ற சேர்க்கைகளில் அடங்கிக் கிடந்த குளோரின், அம்மேகத் துகள்களின் மேற்பரப்பில் வேறு வடிவம் பெற்றுக் காத்து நிற்கின்றது. ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்களில் கதிரவன் மீண்டும் எழ, முதல் ஒளி பட்ட அளவிலே அது விடுதலை பெற்று ஓசோனை அழிக்கத் தொடங்குகின்றது. இம்மேகங்களே அழிவுக்குக் களமாகும் என்று விளக்கியவருள் முதன்மையானவர் சூசன் சாலமன் என்னும் அமெரிக்க அம்மையார். 1986ஆம் ஆண்டில் அவர் தலைமையில் ஒரு குழு அண்டார்க்டிகா சென்று அளவுகள் எடுத்தது. மறு ஆண்டில் சிலி நாட்டின் தென்கோடி நகரான புந்தா அரீனாசிலிருந்து வானூர்திகள் அப்பகுதிக்குள்ளேயே பறந்து சென்று அளந்தன. குளோரின் சேர்க்கை உயர்ந்த இடமெல்லாம் ஓசோன் தாழ்ந்திருந்தது. அதன்பின் ஐயத்திற்கு இடமில்லாமற் போயிற்று.

வடதுருவத்தின் நிலை வேறு. தென்துருவம் கடல் சூழ்ந்த நிலம். வடதுருவம் நிலம் சூழ்ந்த கடல். வடபாதியில் உள்ள பெருமலைகளும் நிலப்பரப்புகளும் காற்றோட்டத்தை அலைத்தலால், ஆங்கு எழும் சுழற்காற்று அடிக்கடி குலைகின்றது. குளிரும் அத்துணை கடுமை எய்துவதில்லை. ஆகவே ஆங்கு ஓசோன் பெரும்பாலும் மிகுதியாகக் குறைவதில்லை. எனினும் குளிர்காலம் வழக்கினும் கடுமையாக நீடித்த 2011, 2020ஆம் ஆண்டுகளின் இளவேனிலில் அங்கும் பெருந்தேய்வு கண்டனர்.

இனி, ஓசோன் தேய்வுக்கும் உலகின் தட்பவெப்ப மாற்றத்திற்கும் உள்ள தொடர்பை நோக்குவோம். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவார் பலர். வானில் துளை விழுந்ததனால் வெயில் மிகுதியாக உட்புகுந்து உலகம் சூடேறுகின்றது என்பது அவர்தம் எண்ணம். அது பிழை. உலகம் சூடேறுதற்குத் தலையாய காரணம், நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதனால் காற்றில் பெருகும் கரியமில வாயுவே. அது தரையிலிருந்து எழும் வெப்பத்தை வெளியேறவிடாது போர்வைபோலத் தடுக்கின்றது. எனினும் இரண்டு நோய்களும் வேறாயினும், ஒன்றையொன்று அணுகி நிற்பன.

முதலாவது தொடர்பு, ஓசோனை அழிக்கும் குளோரோபுளோரோகார்பன்களே வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகவும் அமைவன என்பது. எடைக்கு எடை நோக்கினால் அவை கரியமில வாயுவினும் பல்லாயிரம் மடங்கு ஆற்றல் உடையன. இரண்டாவது, புற ஊதாக் கதிரை ஏற்கும் ஓசோன் மேல்வானத்தைச் சூடாக்குகின்றது. அது குறைந்தால் மேல்வானம் குளிரும். தென்துருவத்தின்மேல் இங்ஙனம் குளிர் மிகுந்ததனால், அக்கண்டத்தைச் சுற்றி வீசும் மேலைக்காற்றுகள் கோடைக்காலத்தில் வலுப்பெற்றுத் துருவத்தை நோக்கி நகர்ந்தன. அவற்றுடன் தென்பாதி உலகின் மழை பெய்யும் இடங்களும் இடம் பெயர்ந்தன. மக்கள் இல்லாத வானில் நேர்ந்த குறை, மக்கள் வாழும் நாடுகளின் மழையையும் தொட்டது. மூன்றாவது, கரியமில வாயு தரையைச் சூடாக்கினும் மேல்வானத்தைக் குளிர்விக்கும் இயல்புடையது. மேல்வானத்துக் குளிர் துருவ மேகங்களுக்குத் துணை. ஆதலின் ஒன்றைத் தீர்த்து மற்றொன்றை மறத்தல் அறிவுடைமையாகாது.

நோயின் காரணம் தெரிந்தபின் உலகம் வாளாவிருக்கவில்லை. 1985ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வியன்னா நகரில் நாடுகள் கூடி ஓசோனைக் காக்க இசைந்தன. 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் கனடா நாட்டு மாண்ட்ரீல் நகரில், கேடு செய்யும் வாயுக்களின் ஆக்கத்தைக் குறைப்பதற்கான உடன்படிக்கை உருவாயிற்று. அந்நாளே இன்று உலக ஓசோன் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. செல்வம் மிக்க நாடுகள் முதலில் குறைத்தல் வேண்டும். வளரும் நாடுகட்குக் காலமும் பொருளுதவியும் அளித்தல் வேண்டும் என்னும் முறைமை அவ்வுடன்படிக்கையிலும் 1990ஆம் ஆண்டின் இலண்டன் திருத்தத்திலும் அமைந்தது. நம் இந்தியா 1992ஆம் ஆண்டில் அதில் சேர்ந்தது. வளரும் நாடுகளும் 2010ஆம் ஆண்டுக்குள் குளோரோபுளோரோகார்பன் ஆக்கத்தை நிறுத்த இசைந்து, அவ்வாறே செய்தன. இன்று உலகின் எல்லா நாடுகளும் அவ்வுடன்படிக்கைக்கு உட்பட்டுள்ளன. பெரியவர், எளியவர் என்னும் வேறுபாடின்றி நாடுகள் அனைத்தும் ஒருமுகமாக ஏற்ற உடன்படிக்கைகள் மிகச் சிலவே.

ஆயினும் காவல் தளர்ந்தால் கேடு மீளும் என்பதற்கும் சான்று உண்டு. ஒழிந்ததெனக் கருதிய வாயுக்களுள் ஒன்று, 2012ஆம் ஆண்டுக்குப் பின் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று 2018ஆம் ஆண்டில் அறிஞர்கள் கண்டனர். காற்றை அளக்கும் நிலையங்களின் துணைகொண்டு, அதன் பெரும்பகுதி கிழக்குச் சீனத்திலிருந்து எழுவதாக மறு ஆண்டில் காட்டினர். செய்தி வெளிவந்தபின் அவ்வெளியீடு விரைந்து குறைந்தது. அளப்பார் இருந்தமையாலேயே தவறு வெளிப்பட்டது என்பதை நாம் மறத்தல் கூடாது.

பழைய வாயுக்களுக்கு மாற்றாக வந்தவற்றுள் ஒருவகை ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும் உலகைச் சூடாக்கும் ஆற்றல் மிக உடையது. அதனையும் படிப்படியாகக் குறைக்க, 2016ஆம் ஆண்டில் ருவாண்டா நாட்டுக் கிகாலி நகரில் நாடுகள் இசைந்தன. இந்தியா 2021ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது. அது முழுதும் நிறைவேறினால் இந்நூற்றாண்டின் முடிவுக்குள் உலகவெப்பம் அரைப் பாகை வரை மிகாமல் தடுக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு.

இவ்வுழைப்பின் பயன் யாது? 2022ஆம் ஆண்டில் உலக அறிஞர்கள் கூடி ஆராய்ந்து கூறிய மதிப்பீட்டின்படி, உடன்படிக்கைகள் வழுவாது காக்கப்பட்டால், ஓசோன் படலம் பெரும்பான்மை உலகில் 2040ஆம் ஆண்டளவிலும், வடதுருவத்தில் 2045ஆம் ஆண்டளவிலும், தென்துருவத்தில் 2066ஆம் ஆண்டளவிலும் 1980ஆம் ஆண்டின் நிலைக்கு மீளும். மாணவர்களே! இவ்வாண்டுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் நீங்கள் அன்று முதுமையை அணுகியிருப்பீர்கள். உங்கள் பாட்டனார் காலத்தில் காற்றில் கலந்த வாயு, உங்கள் பிள்ளைகள் வளர்ந்து பெரியவராகும் வரை வானில் தங்கியிருக்கும். கெடுத்தற்குச் சில பத்தாண்டுகள் போதுமாயின; திருத்துதற்கோ அவற்றினும் நெடுங்காலம் வேண்டப்படுகின்றது.

ஆகவே, சிறு செயல் என்று எதனையும் இகழ்தல் ஆகாது. வீட்டிலுள்ள குளிர்பெட்டியோ குளிர்சாதனமோ பழுதுற்றால், அதன் வாயுவை வீணே வெளியில் விடாது, முறையாகப் பிடித்து வைத்துச் செப்பனிட வல்லாரிடம் ஒப்படைத்தல் நம் கடமை. பயனற்றதெனத் தோன்றும் அளவையும் நாள்தோறும் தவறாது குறித்து வைத்த அப்பனிநிலத்துப் பணியாளர்தம் பொறுமை நமக்குப் பாடம். அழியாப் பொருள் எங்கே செல்கின்றது என்று வினவிய இருவர்தம் அறிவுத் துணிவு நமக்குப் பாடம். தத்தம் ஆதாயத்தைச் சற்றே விட்டுக் கொடுத்து ஒன்றுகூடிய நாடுகளின் இசைவும் நமக்குப் பாடம். இம்மூன்றும் ஒருங்கு சேர்ந்தமையாலேயே நைந்த குடை மீண்டும் தழைக்கத் தொடங்கியுள்ளது. கரியமில வாயுவினால் வந்துற்ற பெரிய இடரைத் தீர்ப்பதற்கும் இம்மூன்றே வழி என்பதை உணர்ந்து ஒழுகுவோமாக.